மேட்டைக் காட்டிய அம்பு

"இன்னொரு மேடு வந்தா பஸ்ல ஏறி வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள் அம்மா. ஜூஸ் கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

மகள் கடுகு தன் சைக்கிளையும் பக்கத்தில் சாய்த்தாள். கோபம் வந்தால் வெடிப்பாள் என்று அம்மா வைத்த பெயர் அது. உண்மையான பெயர், திட்டும்போது மட்டும் வெளியே வரும்.

இந்தச் சைக்கிள் பயணத்துக்காக அவள் ஒரு வருடம் காத்திருந்தாள். வந்த இடமும் பிடித்திருந்தது. இங்கே நாய்கள் துரத்தவில்லை. படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. லாரிகள்கூட ஒதுங்கி வழிவிட்டன.

சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். கீழே சமவெளியில் ஓர் ஊர் தெரிந்தது.

"அது என்ன ஊர்?"

"நீங்க போக வேண்டிய ஊர்தான்" என்றார் கடைக்காரர்.

"கீழ போர்டுல அம்பு இந்தப் பக்கம்தானே காட்டுச்சு?"

அவர் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தார். "காத்துல திரும்பியிருக்கும், பாப்பா."

போர்டு இருந்த அந்தக் கம்பத்தில் சாய்ந்துதான் கடுகு தண்ணீர் குடித்திருந்தாள்.

"போர்டைப் புதுக் கம்பியால இறுக்கிக் கட்டியிருக்கு. உங்க ஊர்க் காத்து கம்பியும் கட்டுமா?"

அம்மா இருமினாள். அது சிரிப்பு.

"என்ன பண்றது?" என்றார் கடைக்காரர். "அம்பு நேரா இருந்தா இங்க ஈ காக்கா வராது."

"அதுக்காக? எங்க அம்மா முட்டி போச்சு. எங்க பயணமே போகப்போகுது!"

கடுகின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அதற்குள் ஜூஸ் வந்தது. குடித்தாள். அநியாயம், அது மிக நன்றாக இருந்தது.

டம்ளரை வைத்தாள். "ஒரு அட்டை, கொஞ்சம் பெயிண்ட், ஒரு குறடு குடுங்க."

"என்ன எழுதப் போற?"

"நடந்ததை."

எழுதி முடித்ததும் அவர் எட்டிப் படித்தார்.

'மேலே ஜூஸ் கடை. மேடு செங்குத்து. ஜூஸ் நன்றாக இருக்கும்.'

"செங்குத்துன்னு போடணுமா?"

"போடணும்."

இறக்கத்தில் அம்மாவின் காலுக்கு வேலை இல்லை. அடிவாரத்தில் கடுகு கம்பியை அவிழ்த்து, பலகையை ஊர்ப் பக்கம் திருப்பிக் கட்டினாள். அதன் கீழே அட்டையைத் தொங்கவிட்டாள்.

அப்போது இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். அட்டையைப் படித்தார்கள். மேட்டைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மேட்டில் ஏறத் தொடங்கினார்கள்.

"அம்மா, செங்குத்துன்னு எவ்வளவு பெருசா எழுதியிருக்கேன்! இவங்களுக்குக் கண்ணு இல்லையா?"

"படிச்சிட்டுத்தான் போறாங்க."

கடுகு அட்டையைத் தானும் ஒருமுறை படித்தாள்.

"அப்ப சரி" என்று சைக்கிளில் ஏறினாள். ஊர் வரை பாதை சமமாகக் கிடந்தது. அம்மா பஸ் பேச்சையே எடுக்கவில்லை.