மஞ்சளைச் சிவக்க வைத்த தண்ணீர்

குஞ்சித்தம்பிக்கு அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டிருந்தது. இப்போது எல்லாம் காய்ந்துவிட்டது. இன்று அவனுக்கு முதல் தண்ணீர் வார்க்கும் நாள்.

அம்மா மஞ்சளை அரைத்து, தலை தவிர மற்ற இடமெல்லாம் பூசிவிட்டார். கொட்டிலுக்கு வெளியே வெயிலில் நின்ற குஞ்சித்தம்பி, பழுத்த மாம்பழம் போல இருந்தான்.

“அக்கா, கெதியா ஊத்து. கடிக்குது!”

ராசமலர் புதுப் பீப்பாயிலிருந்து பிடித்து வந்த வாளியைத் தூக்கி அவன் தோளில் ஊற்றினாள்.

மஞ்சள் சிவந்தது.

முதலில் தோள். பிறகு நெஞ்சு. சிவப்பு வயிற்றில் வழிந்து, கால்களில் இறங்கி, மணலில் சொட்டியது.

“இரத்தம்!” என்று ராசமலர் கத்திவிட்டாள்.

அவள் யோசித்துக் கத்தவில்லை. ஆனால் அந்த முகாமில் கொட்டில்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. ஒரு கொட்டிலில் தும்மினால் பத்தாவது கொட்டிலில் “நூறு வயசு” என்பார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

அம்மா பழைய கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். குஞ்சித்தம்பியின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

“எனக்கு நோகேல்ல” என்றான் அவன். “வழுக்குது, அவ்வளவுதான்.”

“காயம் இல்லாமல் எப்பிடி இரத்தம் வரும்?” என்று அம்மா அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பக்கத்துக் கொட்டில் கமலாதேவி மாமி நாக்கை வெளியே நீட்டிக் காட்டினார். “எனக்கும் காலமை ஒரு மிடறு குடிச்ச உடன நாக்கு எரிஞ்சுது, புள்ள. காரத் தண்ணி வருமெண்டு சேர் சொன்னவர்தானே எண்டு பேசாமல் இருந்திட்டன்!”

யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் ‘சேர்’ குணரத்தினம். தண்ணீர் வேலை செய்யும் ஓர் உதவி நிறுவனத்தைச் சேர்ந்தவர். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்களுக்காக, துறைமுகத்துக்குப் பின்னால் மலையடிவாரத்தில் அமைத்த முகாம் இது. இங்கே இருந்தது ஒரே ஒரு கிணறு. அதன் தண்ணீர் புளித்தது. கேத்திலின் உட்புறத்தை அரித்தது. தேநீரைக் கறுப்பாக்கியது. சிறுபிள்ளைகள் அதைக் குடிக்க மறுத்து அழுதார்கள்.

குணரத்தினம் சேர் போன கிழமை வந்து அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“மலையில கரையிறதுக்கு ஒண்டுமில்ல. அதுதான் தண்ணி புளிக்குது. இதைச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால மெல்ல மெல்ல வடிய விட்டால், கல்லு துளித்துளியாக் கரையும். புளிப்புப் போய், கொஞ்சம் காரத் தன்மை வரும். பிறகு நல்லாக் குடிக்கலாம்.”

“மிளகாய்க் காரமோ சேர்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“இல்லையடா. சவர்க்காரத்தில இருக்கிற காரம்.”

“அப்ப குடிச்சா வாயில நுரை வருமோ?”

சேர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு பெரிய நீலப் பீப்பாயை நிறுத்தி, அடியில் குழாய் பூட்டி, ஆற்றுவாய்க்கு அப்பாலுள்ள கிண்ணியாவிலிருந்து கல் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கோ குண்டு வெடித்தது. சேர் வரும் வீதியை மூடிவிட்டார்கள். சேர் வரவில்லை.

கல் மட்டும் நேற்று வந்தது. கிண்ணியாவில் சுண்ணாம்புச் சூளை வைத்திருக்கும் ஆதம்பாவா காக்கா மாட்டு வண்டிலில் கொண்டு வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் ‘காக்கா’ என்பார்கள். ஆற்றுவாயில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிவரும் பெரிய மிதவை ஒன்று உண்டு. அதைப் ‘பாதை’ என்பார்கள். அந்தப் பாதையில் வண்டிலோடு ஏறி வந்திருந்தார். கல்லை இறக்கிவிட்டு, “நாளைக்கு மிச்சம் கொண்டாறன்” என்று போனார்.

பீப்பாயில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியபோதே ஒரு விசித்திரம் நடந்தது. கற்கள் சீறின. வெள்ளையாகப் புகை எழுந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். “வெயில்ல கிடந்த கல்லு, சூடு” என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

இன்று அந்தச் சமாதானம் யாருக்கும் போதவில்லை.

முகாம் தலைவர் சின்னராசா வெற்றிலையை மென்றபடி வந்தார். பீப்பாயைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு அம்மாவின் மஞ்சள் கிண்ணத்துக்குள் விரலை விட்டுக் கிளறிப் பார்த்தார்.

“மஞ்சள் நல்ல மஞ்சள்தான்” என்றார். “தண்ணியிலதான் பிழை. நஞ்சு கலந்த கல்லு.”

“ஆதம்பாவாவோ?” என்று அம்மா மெல்லக் கேட்டார். “நேற்று எவ்வளவு நல்லாக் கதைச்ச மனுசன்.”

“நல்லாக் கதைக்கிறவனைத்தான் நம்ப ஏலாது. பின்னேரம் வரட்டும். பிடிச்சுக் காவலரணில குடுப்பம். ஆமிக்காரர் விசாரிக்கட்டும்.”

ராசமலருக்குச் சித்தப்பாவின் நினைவு வந்தது.

‘விசாரித்துவிட்டு விடுவோம்’ என்று சொல்லித்தான் யோகலிங்கம் சித்தப்பாவையும் ஆமிக்காரர் கூட்டிப் போனார்கள். யாரோ ஒருவர் அவரைக் காட்டி ஒரு சொல் சொல்லியிருந்தார். அந்தச் சொல் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சித்தப்பா இன்னும் திரும்பவில்லை.

இன்று அந்த ஒரு சொல்லை நான் சொல்லிவிட்டேனா?

அவளுக்கும் ஆதம்பாவா காக்கா மேல் சந்தேகம் இருந்தது. நேற்று அவர் கல்லை வெறும் கையால் தொடவில்லை. கைகளில் சாக்குத் துணி சுற்றியிருந்தார். ஏன்? பிள்ளைகள் கிட்டே வந்தபோது “தள்ளி நில்லுங்க” என்று விரட்டினார். ஏன்? நினைக்க நினைக்க அவர் முகம் அவளுக்குள் மாறிக்கொண்டே வந்தது. நேற்றுச் சிரித்த முகம் இன்று நினைவில் முறைத்தது. ஒருவர் பக்கத்தில் இல்லாதபோது அவர் முகத்தை நாம் இப்படி மாற்றலாமா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

அவள் தலையைக் குனிந்தாள். அப்போதுதான் சின்னராசா மாமாவின் கை கண்ணில் பட்டது.

மஞ்சள் கிண்ணத்தில் விட்ட விரல். அதன் நுனி சிவந்திருந்தது.

அந்தக் கிண்ணத்து மஞ்சள் பழைய கிணற்றுத் தண்ணீரில் குழைத்தது. பீப்பாய்த் தண்ணீர் அதில் ஒரு துளிகூட விழவில்லை. பிறகு எப்படி?

மாமா இன்னொரு வெற்றிலையை எடுத்தார். அதே விரலால் டப்பியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு வெற்றிலையில் தடவினார்.

ராசமலர் ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்தாள். மஞ்சளைத் தன் உள்ளங்கையில் வைத்தாள்.

“மாமா, கொஞ்சம் சுண்ணாம்பு தாங்கோ.”

“என்ன, வெத்திலை போடப் போறியோ?”

“தாங்கோவன்!”

அவர் கொடுக்குமுன் அவளே தொட்டு எடுத்து மஞ்சளில் தேய்த்தாள். உள்ளங்கை சிவந்தது. குஞ்சித்தம்பியின் நெஞ்சில் வழிந்த அதே சிவப்பு.

“ஐயோ, அக்காவுக்கும் இரத்தம்!” என்றான் குஞ்சித்தம்பி.

“இல்லையடா. கலியாண வீட்டில ஆலாத்தித் தண்ணி இப்பிடித்தானே சிவக்கும்? மஞ்சளும் சுண்ணாம்பும்.” அவள் தலைவரைப் பார்த்தாள். “மாமா, உங்கட விரலைப் பாருங்கோ.”

சின்னராசா விரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். வேட்டியும் சிவந்தது.

“சுண்ணாம்புதான் நஞ்செண்டால், நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் நஞ்சு தின்னுறியள்?”

கமலாதேவி மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சரி, சரி” என்றார் சின்னராசா. “தண்ணியில சுண்ணாம்பு எண்டே வைப்பம். நாக்கை எரிக்கிற அளவு சுண்ணாம்பை அவன் ஏன் தந்தவன்? அதுக்குப் பதில் சொல்லு.”

ராசமலர் வீதிப் பக்கம் கையைக் காட்டினாள். “அவரிட்டையே கேப்பம். காவலரணுக்குப் பிறகு போகலாம். முதல்ல கேப்பம், மாமா.”

பின்னேரம் வண்டில் வந்தது. ஆதம்பாவா காக்கா இறங்கியதும் ஆண்கள் மாட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கை தானாகவே வண்டில் சட்டத்தைப் பிடித்தது.

“என்ன... என்ன பிரச்சினை?”

யாரும் பேசுமுன் ராசமலர் முன்னால் போனாள். “காக்கா, இது என்ன கல்லு?”

“இதென்ன கேள்வி, புள்ள? சுண்ணாம்புக் கல்லு.”

“எங்கயிருந்து எடுத்தனீங்கள்?”

“சூளையில இருந்துதான். பதமா வெந்த கல்லு. சேர் சுண்ணாம்புக் கல்லு வேணுமெண்டு சொல்லி அனுப்பின. சுவருக்கு வெள்ளையடிக்கத்தானே?”

“சுவருக்கோ?” என்றார் சின்னராசா. “இதைப் போட்டுத்தான் நாங்கள் குடிக்கிற தண்ணி எடுத்தனாங்கள்!”

ஆதம்பாவா காக்காவின் முகம் வெளிறியது. “அல்லாவே! குடிச்சா? ஆரும் குடிச்சா? தொட்டாலே கையைப் புண்ணாக்கும். அதுக்குத்தானே நான் சாக்குச் சுத்துற, புள்ளைகள விரட்டுற!”

“ஒரு மிடறுதான்” என்றார் கமலாதேவி மாமி. “அதோட நாக்குச் சொல்லிப்போட்டுது.”

“வேகாத கல்லு இல்லையோ காக்கா?” என்று கேட்டாள் ராசமலர். “மெல்ல மெல்லக் கரையுமெண்டு சேர் சொன்னவர்.”

“வேகாததா?” அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அது முருகைக் கல்லு! கடற்கரையில கிடக்கிறது. அதச் சுட்டாத்தான் எங்கட ஊருல சுண்ணாம்புக் கல்லு எண்டு சொல்ற. படிச்ச ஆக்கள் சுடாத கல்லுக்கும் அந்தப் பேரச் சொல்லுறதெண்டு எனக்கென்ன தெரியும்?”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனாலும் எல்லோர் முகமும் தெளியவில்லை.

ஆதம்பாவா காக்கா வண்டிலைத் திருப்பினார். ஏறும்போது ராசமலரிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். “நாளைக்கு முருகைக் கல்லுக் கொண்டாறன். வந்தா... என்னைப் போக விடுவாங்களா, புள்ள?”

அவருக்கும் நம்மேல் பயம் இருக்கும் என்று ராசமலர் அதுவரை நினைக்கவில்லை.

“நான் ரோட்டில நிப்பன், காக்கா” என்றாள்.

மறுநாள் காலையிலேயே அவள் வீதியோரம் போய் நின்றாள். பீப்பாயை ஆண்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

“அந்தாள் வராது” என்று சின்னராசா இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மூன்றாவது தரம் வந்தபோது போகாமல் அவரும் நின்றார்.

வண்டில் வந்தது. இந்த முறை ஆதம்பாவா காக்கா தனியாக வரவில்லை. வெள்ளைக் கற்களின் மேல், குடையை விரித்துப் பிடித்தபடி, ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கண்கள் எல்லோரையும் எடை போட்டன.

“என்ட பொண்டாட்டி சுபைதா” என்றார் அவர் கூச்சத்தோடு. “தனிய விடமாட்டனெண்டு ஏறிட்டா.”

“எதுக்கு விடணும்?” என்றார் சுபைதா. “நேத்து மனிசன் ஊட்டுக்கு வந்து சோறு திங்கல்ல. என்ன நடக்குதெண்டு நானே பாக்க வந்த.”

சின்னராசா கீழே பார்த்தார். பிறகு முதல் கல் சாக்கைத் தன் தோளில் ஏற்றினார்.

பவளப் பாறைத் துண்டுகளான அந்த முருகைக் கற்கள் கையில் சொரசொரவென்று இருந்தன. கடல் மணம் வீசின. பிள்ளைகள் உப்புப் போகும்வரை அவற்றைக் கழுவினார்கள். பீப்பாயில் அடுக்கிக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியபோது சீறவில்லை, புகையவில்லை. தண்ணீர் கற்களுக்கிடையே தன் பாட்டில் இறங்கியது.

மூன்று பீப்பாய்த் தண்ணீரை வெளியே விட்ட பிறகு, ராசமலர் ஒரு சிரட்டையில் மஞ்சளைக் கரைத்துக் குழாயடியில் பிடித்தாள். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

“சரி. இனி ஆர் முதல்ல குடிக்கிறது?” என்றார் சின்னராசா.

முகாம் ஆட்கள் கிண்ணியாக்காரரைப் பார்த்தார்கள். கிண்ணியாக்காரர் முகாம் ஆட்களைப் பார்த்தார்கள். சுபைதா குடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வந்ததிலிருந்து அவர் ஒரு தேநீர்கூட வாங்கவில்லை.

ராசமலர் ஒரு கோப்பையை நிரப்பிக்கொண்டு வண்டிலடிக்குப் போனாள்.

“குடியுங்கோ மாமி.”

சுபைதா கோப்பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “நீ முதல்ல குடி, புள்ள.”

ராசமலருக்குக் கோபம் வரவில்லை. நேற்று அவள் இருந்த இடத்தில்தான் இன்று இந்த மாமி இருக்கிறார். அவள் அண்ணாந்து, கோப்பை உதட்டில் படாமல் பாதியைக் குடித்தாள். புளிக்கவில்லை. எரியவில்லை. இனிப்பும் இல்லை. தண்ணீர், தண்ணீரைப் போலவே இருந்தது.

மீதிப் பாதியைச் சுபைதா வாங்கினார். மெதுவாகக் குடித்தார்.

பிறகு குடையை மடக்கிக் கல்லின்மேல் வைத்தார்.

“இன்னொரு கோப்பை ஊத்து, புள்ள” என்றார். “என்ன வெயில் இது!”