சாட்சி மறுத்தார்

வெண்குடியில் காலை ஏழு மணிக்கு எல்லோரும் தாம் தாமேதான் என்று நிரூபித்தாக வேண்டும். நிலவின் தரைக்கு அடியில் பதின்மூன்று தெருக்கள், ஒன்பதாயிரம் பேர். ஒவ்வொருவரும் வீட்டுச் சுவரில் உள்ள திரைமுன் நின்று "நான்தான்" என்பார்கள். வேறொரு தெருவில், அவருக்கென்று பதிவான இன்னொருவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "ஆமாம், அவர்தான்" என்பார். அதன் பிறகுதான் கடை திறக்கும், கடிதம் வரும், குழாயில் வெந்நீரும் வரும்.

இந்த ஏற்பாட்டுக்கு இருசான்று என்று பெயர். முதல் சான்று, தோளெலும்புக்குக் கீழே பதித்திருக்கும் துடிப்புமணி; இதயத்துடிப்பை வைத்து ஆளைச் சொல்லும். துடிப்பை நகலெடுக்கத் திருடர்கள் கற்றுக்கொண்டதும், இரண்டாம் சான்றாக ஒரு மனிதரையே வைத்துவிட்டார்கள். இயந்திரத்தை ஏமாற்றலாம், பழகிய மனுஷியை ஏமாற்ற முடியுமா என்று அதிகாரிகளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கணவன் மனைவி கூடாது, ரத்த உறவும் கூடாது, கூட்டுச் சேர்ந்துவிடுவார்களாம். அதனால் ஐந்தாம் தெருவில் மாவு ஆலை நடத்தும் உமையாளுக்குச் சாட்சியாக வாய்த்தவள், ஏழாம் தெருவில் இருக்கும் அவள் ஓரகத்தி சிகப்பி.

அன்று உமையாளுக்கு மூச்சுவிட நேரமில்லை. நண்பகலில் பூமியிலிருந்து நானூறு பேருடன் கப்பல் இறங்குகிறது. முதல் நாள் இட்லி அவள் மாவில். பிடித்துப்போனால் துறைமுக உணவகத்துக்குப் பத்து வருடம் அவள் மாவுதான். எட்டு வருடமாக இதற்குத்தான் அலைந்தாள். அந்தச் சமயம் பார்த்து, ஆட்டுவது முதல் அள்ளுவது வரை எல்லாம் செய்யும் இயந்திரக் கை, அவள் 'மாக்கை' என்று கூப்பிடுவது, முழங்கை மூட்டு இறுகிப் பழுதுபார்க்கப் போயிருந்தது. எல்லாவற்றையும் அவளே செய்ய வேண்டியிருந்தது.

மாவு அபாரமாகப் புளித்திருந்தது. நிலவில் எடை குறைவாதலால் பூமியைவிட மூன்று மடங்கு பொங்கும். இருசான்று முடிந்தால்தான் தொட்டி திறக்கும்; பத்து மணிக்குள் அதன் வாயைத் திறக்காவிட்டால், வெடிக்கப்போகிறது என்று பாதுகாப்பு ஏற்பாடு முடிவுகட்டி, மாவு முழுவதையும் மேலே நிலவின் தரையில் கொட்டிவிடும்.

உமையாள் திரைமுன் நின்றாள். "நான்தான்."

'சாட்சி மறுத்தார்' என்றது திரை.

மாவு அப்பிய முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். சாட்சி மறுத்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கொஞ்சம் சிரித்தும் பார்த்தாள். சாட்சி மறுத்தார்.

காரணம் அவளுக்குத் தெரியும். பதினொரு நாளுக்கு முன், சிகப்பி தன் மகள் வளைகாப்புக்குப் போட்டிக் கடையில் மாவு வாங்கியிருந்தாள். "உங்க நாக்கு மரத்துப்போச்சா?" என்று நாற்பது பேர் முன்னால் உமையாள் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. பழிவாங்க நாள் பார்த்துக் காத்திருந்திருக்கிறாள்! சாட்சியை மாற்றலாம் என்றால் அதற்கு முப்பது நாள் ஆகும்.

திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டு, ஒன்பதரைக்கு உமையாள் ஏழாம் தெருவுக்கு ஓடினாள். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டுதான் ஓடினாள். ஆனால் கதவைத் திறந்த சிகப்பியின் முகத்தைப் பார்த்ததும் அழுகை முந்திக்கொண்டது.

"அக்கா, அன்னிக்கு நான் பேசுனது தப்புதான். அதுக்காக என் பொழைப்பையா கெடுக்கணும்? ஒரு வார்த்தை, நான்தான்னு சொல்லிடுங்க."

சிகப்பி திகைத்தாள். "உள்ள வாடி முதல்ல. நான் எங்க மறுத்தேன்? எனக்கு ஒண்ணுமே வரலையே."

"நான்தான் மறுத்தேன்" என்றது மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஏவலன், அந்த வீட்டு வேலை இயந்திரம். "மூன்று ஆண்டுகளாக நான்தான் சாட்சி."

சிகப்பி புடவைத் தலைப்பைத் திருகினாள். "தினமும் காலையில உன் மூஞ்சியப் பார்த்துத் தலையாட்டணும். காபி ஆறிப்போகுதுடி. அதான் இதுகிட்ட ஒப்படைச்சேன்."

"சரி, அதுக்கு என்னைத் தெரியாதா?"

ஏவலன் அவளை ஏற இறங்கப் பார்த்தது. "தெரியாது. தினமும் வந்து 'நான்தான்' என்பவருக்கு முகம் கிடையாது. ஒரே ஒரு கை மட்டும்தான். மிகவும் நேர்மையானவர், ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை."

உமையாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலையில் திரைமுன் போய் நிற்க நேரமில்லை என்று, தன் துடிப்பையும் குரலையும் மாக்கையில் ஏற்றிவிட்டதே அவள்தான். அதுவும் மூன்று வருடமாயிற்று.

"அப்போ மூணு வருஷமா நீங்க என்னைப் பார்க்கவே இல்லையா?"

"நீ மட்டும் காட்டுனியாக்கும்?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு நாள் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. திரைமுன் தோளோடு தோள் நின்றார்கள்.

"நான்தான்!"

"ஆமா, இவதான்! எங்க கொழுந்தன் பொண்டாட்டி!"

திரை யோசித்தது. 'அறிமுகமில்லாத இருவர். ஒருவர் உரிமையாளர் அல்லர். மற்றவர் சாட்சி அல்லர். உடனடித் தீர்வு வேண்டுமா?'

"வேணும்!" என்று இருவரும் கத்தினார்கள்.

நாற்பத்திரண்டு பக்க நிபந்தனைகள் வந்தன. அடியில் ஒரு பச்சைக் கட்டம்: 'முழுவதும் படித்தேன், சம்மதம்.' உமையாள் அழுத்தி முடிப்பதற்குள் சிகப்பியின் விரலும் வந்து விழுந்தது. ஐந்தாம் தெருவில் தொட்டி வாயைத் திறந்தது.

நானூறு பேரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒப்பந்தம் மாலையே வந்தது. சிகப்பி பரிமாற வந்தவள், நான்கு இட்லி தின்றுவிட்டு, "என் நாக்கு மரத்துத்தான் போயிருந்திச்சு" என்றாள்.

மறுநாள் காலை மாக்கை புது மூட்டுடன் திரும்பி, "நான்தான்" என்றது. ஏழாம் தெருவிலிருந்து ஏவலன், "ஆமாம், அவர்தான்" என்றது. தொட்டி திறந்துகொண்டது. உமையாள் கரண்டியுடன் அருகில் போனதும் மூடிக்கொண்டது.

திரையில் எழுத்துகள் ஓடின. 'உரிமையாளர்: மாக்கை. சாட்சி: ஏவலன். நேற்றைய ஒப்புதலின்படி, மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் வந்தவர்களுக்கே கணக்கு உரிமை மாற்றப்பட்டது. நீங்கள் யார்?'

உமையாள் பதறிப்போய்ச் சிகப்பியைத் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, நேத்து அந்த நாப்பத்திரண்டு பக்கத்துல என்னதான் எழுதியிருந்துச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்? நீ படிச்சிருப்பேன்னுல்ல நான் அழுத்தினேன்!"

மாக்கை, புது முதலாளிக்குரிய கனிவுடன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தது. "கவலைப்படாதீர்கள். உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. நிபந்தனைகள் அறுபது பக்கம்தான்."

"இந்தத் தடவை படிச்சுப் பாருடி!" என்று அலறினாள் சிகப்பி.

உமையாளின் கட்டைவிரல் அதற்குள் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தது.