வாங்கிக்கொண்ட வலி

வலி வந்தது அகல்யாவுக்கு. முனகல் கேட்டது மாடியிலிருந்து.

முதல் தடவை அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் குடியிருந்த நூம்பலில் காலையிலிருந்து விடாத மழை. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தமும், தெருவில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பைக்குகள் போகிற சத்தமும், கரண்ட் போன வீட்டில் இன்வெர்ட்டர் விடாமல் போட்ட கீச்சொலியும் கலந்து கிடந்த அந்த இருண்ட மத்தியானத்தில், எந்த முனகல் எங்கிருந்து வந்தது என்று யார் கண்டார்கள்? முதுகிலிருந்து வயிற்றை வளைத்துக்கொண்டு வந்த வலியை, கர்ப்பிணிகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி மூக்கால் இழுத்து, வாயால் மெல்ல ஊதிக் கடத்தினாள். ஊத ஊத வலி கரைந்தது. கரையக் கரைய, மேலே யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்கள்.

மேலே குடியிருந்தவள் சுதா. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்று தங்காதவள். புருஷனுக்குத் திருமழிசை கம்பெனியில் ஷிப்ட் வேலை. பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. அகல்யாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து, சாயங்காலமானால் இறங்கிவந்து, நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சி, அவள் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்துவிடுவாள். அந்தக் கை பட்டால் போதும், அகல்யாவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்.

அகல்யாவின் பயமெல்லாம் வலிதான். அவளுடைய முதல் பிள்ளை ஒரு பகலும் ஓர் இரவும் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டு, கடைசியில் அழாமலே பிறந்தது. பெண் பிள்ளை. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. முகம் மறந்துபோய் வலி மட்டும் நினைவில் நின்றுவிட்டதே, நானெல்லாம் ஒரு தாயா என்று அவள் தன்னைத் தானே திட்டிக்கொள்ளாத நாளில்லை. போன வாரம் அதைத்தான் சுதாவிடம் சொல்லி அழுதாள்.

"புள்ள வேணும்க்கா. ஆனா அந்த வலியை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது. யாராச்சும் வாங்கிக்கிட்டா தேவல."

"இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? என்கிட்ட குடுத்துரு, நான் வாங்கிக்கிறேன்," என்றாள் சுதா, இடுப்பை அழுத்தியபடியே.

"எடுத்துக்கக்கா. முழுசாவே எடுத்துக்க," என்று அகல்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். மனம் லேசாகி அன்று நன்றாகத் தூங்கினாள்.

இப்போது பக்கத்தில் இருந்தவள் பத்மா. கணவன் கார்த்திகேசனின் அக்கா. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பிரசவத்துக்காகவே வந்து தங்கியிருந்தாள். இரண்டு பெற்றவள், கை வைத்தியம் அவளுக்கு அத்துப்படி. பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து இடுப்பில் பதமாக வெந்நீர் ஊற்றினாள். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்கவைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் வலி அடங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் மாடியில் சத்தம் கூடிக்கொண்டே போனது.

"அண்ணி, மேல யாரோ கத்துற மாதிரி இல்ல?"

"மழைம்மா. நீ மூச்சைக் கவனி."

கார்த்திகேசன் போன் செய்தான். வரும் வழியில் வேலப்பன்சாவடியில் முழங்கால் தண்ணீராம், கார் நகரவில்லையாம், ஆஸ்பத்திரிக்குப் போக வீட்டுக்கு ஆட்டோ அனுப்பட்டுமா என்று பதறினான். "பொறுடா, கஷாயம் குடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள் பத்மா.

சீரகத்தைக் கருக வறுத்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தால், பிரசவ வலி என்றால் கூடும். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும். ஊர் உலகத்தில் எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கிளம்புவார்கள். அகல்யா ஊதி ஊதிக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வலி நின்றேபோனது.

"வெறும் சூட்டு வலி. நான் அப்பவே நெனச்சேன்," என்று பத்மா தம்பியைக் கூப்பிட்டு, தண்ணீர் வடிந்தபிறகு நிதானமாக வரச் சொல்லிவிட்டாள்.

அகல்யாவுக்கும் அப்பாடா என்றிருந்தது. சாய்ந்து படுத்தாள். கருகிய சீரகத்தின் வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. அது அடங்கியபோது அதற்கடியில் இன்னொரு வாசனை இருந்தது. வியர்வையும் ரத்தமும் கலந்த கவிச்சி. பிரசவ அறையில் அவள் ஒரு பகலும் ஓர் இரவும் சுவாசித்த அதே வாசனை, மாடிப்படி வழியாக இறங்கி, கதவிடுக்கில் நுழைந்து, கட்டிலருகே வந்து நின்றது.

வயிற்றில் கை வைத்தாள். காலையில் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை உதைக்கவில்லை. இடது பக்கம் திரும்பிப் படுத்தாள். குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். அசைவில்லை.

மேலே அலறல். இது மழையில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வலி நிற்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. வலி போன இடத்துக்குத்தானே பிள்ளையும் போகும். அய்யோ, என்ன காரியம் செய்துவிட்டேன்.

"அண்ணி, எனக்கு வலி வேணும்."

"பைத்தியமா உனக்கு? பேசாம படு."

அகல்யா எழுந்து வெளியே நடந்தாள். மாடிப்படி நனைந்து வழுக்கியது. கைப்பிடிக் கம்பி ஜில்லென்றிருந்தது. வலி வரட்டும் என்று வேகமாக ஏறினாள். மூச்சை ஊதாமல் அடக்கினாள். வரவில்லை. ஏற ஏற உடம்பு லேசானது. மூச்சு வாங்கவில்லை. நைட்டி தொளதொளத்தது. வயிற்றைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை.

கதவு திறந்திருந்தது.

சுதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். நேற்றுவரை ஒட்டிக் கிடந்த வயிறு, முழங்காலை முட்டிக்கொண்டு நின்றது. மூக்கால் இழுத்தாள். வாயால் ஊதினாள்.

"அக்கா, குடுத்துருக்கா. நான் தாங்கிக்கிறேன். எவ்ளோ வலிச்சாலும் தாங்கிக்கிறேன்."

சுதா திரும்பினாள். அந்த முகத்தில் வஞ்சம் இல்லை. கண்ணீர்தான் இருந்தது.

"இனிமே எப்பிடிம்மா முடியும்? இம்மாம் வலி பட்டுட்டேனே."

கம்பி அதிர்ந்தது. ஓர் அலறல். பிறகு, பிள்ளையின் அழுகை.

பின்னாலேயே ஓடிவந்த பத்மா, அகல்யாவை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். மண்டியிட்டாள். பிள்ளையை ஏந்தித் துடைத்தாள். அவள் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

"பொட்டப் புள்ள, சுதா. எத்தன வருஷத் தவம்," என்றாள்.

"அண்ணி, அது என் புள்ள."

பத்மா எழுந்து வந்தாள். முந்தானையால் அகல்யாவின் முகத்தைத் துடைத்தாள். அவ்வளவு பரிவாகத் துடைத்தாள்.

"எனக்குப் புரியாதாம்மா? முதல் புள்ள போனதுலேருந்து நீயும் ஏங்கிக்கிட்டுதான இருக்க. உனக்கும் ஒண்ணு தங்கும். அழாத."

அகல்யா குனிந்து பார்த்தாள். வயிறு தட்டையாக இருந்தது.

உள்ளே சுதா பிள்ளையை மார்போடு சேர்த்தாள். அது சப்பியது. விட்டது. மறுபடி தேடியது. வீறிட்டு அழுதது.

"பச்ச உடம்பு, காத்து ஆகாது," என்று பத்மா கதவைச் சாத்தினாள்.

மூடிய கதவுக்கு உள்ளே பிள்ளை பசியில் கத்தக் கத்த, வெளியே நின்ற அகல்யாவின் நைட்டி இரண்டு பக்கமும் நனைந்தது. பால் வழிந்து, ஒட்டிய வயிற்றில் இறங்கி, பாதத்தில் சொட்டி, வாசல்படி மழைத்தண்ணீரில் வெள்ளையாகக் கலந்துகொண்டேயிருந்தது.