உறை கிழித்த புத்தகம்

மழைக்கு ஒதுங்கத்தான் பாதிப் பேர் அந்த ஒகிகுபோ ரயிலடிப் புத்தகக் கடைக்குள் நுழைந்திருந்தார்கள். நகிசா மட்டும் வேவு பார்க்க வந்திருந்தாள்.

அவள் வரைந்த முதல் சித்திரக்கதைப் புத்தகம் இன்றுதான் வெளிவந்திருந்தது. இளஞ்சிவப்பு அட்டை... முகம் நிறையக் கண்களோடு ஒரு பெண், பின்னால் பூக்கள் கொட்டிக் கிடந்தன. இந்த வாரம் விற்காவிட்டால் மாதப் பத்திரிகையில் வரும் அவள் தொடரையே நிறுத்திவிடுவார்கள்.

ஒரு கை அதை எடுத்தது. கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் ஆள். தொளதொளக் கால்சட்டை, தோளெல்லாம் மழைத்துளி... அப்பப்பா, என்ன கண்கள்! அவள் மனம் துள்ளியது ஒரு நொடிதான். அவன் புத்தகத்தை இரண்டு பேஸ்பால் பத்திரிகைகளுக்கு நடுவே செருகினான். கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டு, "காகித உறை போட்டுடுங்க... அட்டை தெரியாம," என்றான்.

நகிசாவுக்குச் சுருக்கென்றது. ஊரில் அப்பாவும் இப்படித்தான். யாராவது கேட்டால், 'பொண்ணு ஆபீஸ்ல வேலை பாக்குறா' என்று மழுப்பிவிடுவார்.

வாசலில் அவனை வழிமறித்தாள். "ஏங்க, உள்ள என்ன திருட்டு நகையா? இப்படி மறைக்கிறீங்க!"

"அ... அது தங்கச்சிக்கு."

"தங்கச்சி பேரு?"

திருதிருவென்று விழித்தான்.

"படிக்க ஆசை, கையில பிடிக்க வெட்கம்! அப்படி ஒண்ணும் நீங்க படிக்க வேணாம். திருப்பிக் கொடுத்துடுங்க!"

"உங்களுக்கு மழையே தேவலைங்க," என்று முனகியபடி நனைந்துகொண்டே ஓடினான்.

வாங்கினவனையே விரட்டிவிட்டோமே... போகட்டும்! தொடர் நின்றாலும் சரி, ஒளித்துப் படிப்பவர் தயவு வேண்டாம்.

ரயிலில் ஏறினால்... எதிரே அவனே! பக்கத்தில் அவனோடு வேலை செய்யும் மொரிதா.

"இபுகி அண்ணே, என்ன புத்தகம்?"

இபுகியின் பார்வை கூட்டத்துக்குள் நகிசாவைக் கண்டு நின்றது. டர்ரென்று உறையைக் கிழித்தான். இளஞ்சிவப்பு அட்டையை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான். பள்ளிப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

"பொண்ணுங்க படிக்கிற காதல் கதையா! அண்ணே, இந்த முட்டைக்கண்ணி மேலயா ஆசை?"

"இவ மேல இல்லடா. வரைஞ்சவங்க மேல."

"மூஞ்சியே தெரியாதே!"

"பக்கத்தோட ஓரத்துல அவங்க சொந்தக் கதை பேசுவாங்க. 'கத்திரிக்காயைக் கருகவிட்டேன், கருகினதையே தின்னேன், யாருக்கு என்ன போச்சு'ன்னு ஒரு தடவை எழுதியிருந்தாங்க. அன்னிக்கு விழுந்தவன்டா... மாசாமாசம் அந்த ஓரத்துக்காகவே பத்திரிகை வாங்குறேன்."

குரலே எழுப்பக்கூடாத ரயிலில் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. நகிசாவின் காதுமடல் கொதித்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"இதை அவங்க முன்னாடி சொல்வீங்களா... இல்ல, அதுக்கும் உறை போடணுமா?"

"எங்க வேணா சொல்வேன். சொன்னதைத் திருப்பி வாங்க மாட்டேன்."

அவன் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். பேனாவைத் திறந்து, அட்டைப் பூக்களுக்கு நடுவே கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவன் படித்தான். அந்தக் கண்கள் அட்டைப்படத்துக் கண்களைவிடப் பெரிதாயின.

"அய்யோ... கத்திரிக்காய்..."

"நானேதான். கருகினது ஒரு பக்கம்தாங்க, மறுபக்கம் நல்லாவே இருந்துச்சு," என்றாள் நகிசா. பிறகு ஊரிலிருக்கும் அப்பாவுக்கே கேட்கட்டும் என்பது போலக் குரலை உயர்த்தினாள்.

"நான் ஆபீஸ்ல வேலை பாக்கல. காதல் கதை வரையறேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு!"