பின்னறையின் அளவு

வீட்டுப் பிளான் வரையும் சதாசிவம், ரெங்கம் ஸ்டேஷனில் இறங்கி அந்தப் பலகை வீட்டை அடைந்தபோது மணி மூன்று. மழை பிடித்துக்கொள்ளப் பார்த்தது. கட்டி முடித்த அறைக்குப் பிளான் வரைவது கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான். ஆனாலும் மலாயாவின் ஜொகூர் முழுக்க அப்படிக் கட்டிவைத்தவர்களால்தான் அவர் பிழைப்பு ஓடியது.

"பத்திரமெல்லாம் சரியா இருக்குங்கய்யா. பின்னறைக்குத்தான் பிளான் இல்ல," என்றாள் வீட்டுக்காரி புஷ்பவள்ளி. "அந்தக் காகிதம் இல்லாம, வீட்டக் கேட்டிருக்கிற சீனத் தவுக்கே, அந்தக் கடை முதலாளி, வாங்க மாட்டேங்கிறாரு. நாளைக்குள்ள குடுக்கணும்."

"யாரும்மா கட்டினது?"

"என் கொழுந்தன் வேலு. ஆறு வருசத்துக்கு முன்னால, எங்க வீட்டுக்காரரு சொல்லாமக் கொள்ளாம சயாமுக்குப் போன அதே வாரம். அனுமதி கேக்கல, ஒண்ணும் கேக்கல. அவசர அவசரமா தரைக்குச் சிமெண்டு போட்டாரு. அப்புறம் அவரும் ஊர விட்டே போயிட்டாரு."

புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று ஊர் வாய் அவளை ஆறு வருடமாக மென்றது. வீட்டை விற்றால் ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் நாகப்பட்டினம் போய் அண்ணன் வீட்டில் நிம்மதியாக இருக்கலாம். விற்காவிட்டால் அதே ஊர், அதே வாய்கள்.

"நான் உள்ள வரலீங்க. அந்த ரூம்பு எனக்கு ஒத்துக்கல," என்று வாசலிலேயே நின்றுகொண்டாள்.

பின்னறைக்கு ஜன்னல் இல்லை. ஆறு வருடத்துச் சிமெண்டில் இன்னும் பச்சை மண் வாசனை அடித்தது. கூட அளக்க ஆள் இல்லாததால் டேப்பின் நுனியை எதிர்ச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி இழுத்தார். இருவராக அளக்கும்போது ஒருவர் அளவைக் கூவ, மறுமுனை பிடிப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பு வராமலிருக்க அப்படி ஒரு வழக்கம். முப்பது வருடப் பழக்கத்தில் அவர் வாய் தானாகவே கூவியது.

"பன்னெண்டு!"

"பன்னெண்டு," என்றது எதிர் மூலை.

எழுதிக்கொண்டார்.

எழுதிய பிறகுதான் உறைத்தது.

ஆணி கீழே விழுந்து கிடந்தது. டேப் தளரவில்லை.

"ஏம்மா... உள்ள வந்தீங்களா?"

"இல்லீங்களே!" வாசலிலிருந்து பதில் வந்தது.

டேப்பின் நுனி மெல்ல இறங்கித் தரையில் படிந்தது. அவர் எதையும் அளக்கவில்லை. எதையும் கூவவில்லை. குரல் சிமெண்டுக்கு அடியிலிருந்து வந்தது.

"அஞ்சடி ஒம்பது."

போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடிவந்தார். கேட்டதை அவளிடம் அப்படியே சொன்னார்.

புஷ்பவள்ளி தூணைப் பிடித்துக்கொண்டாள். "போலீசு வேலைக்குப் போனப்ப எங்க வீட்டுக்காரர அளந்தாங்க. அஞ்சடி ஒம்பதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு." "அப்ப... சயாமுக்கே போகலையா அவரு?"

ஆறு வருடமாகப் புருஷனைத் திட்டித் தீர்த்த அவள் வாய் அழக்கூட மறந்து நின்றது.

"விக்கலன்னு தவுக்கேகிட்டச் சொல்லிடுங்கய்யா," என்றாள் கடைசியில். "வித்தா, அவரு மேல யாரோ கட்டிலப் போட்டுப் படுப்பாங்க."

மழை இறங்கியது. அவள் கை நெற்றிக்குப் போயிற்று. பொட்டை அழிக்க விரலை வைத்தாள்.

பின்னறையில் அந்தக் குரல் கெஞ்சியது.

"அழிக்காத, வள்ளி."