மூச்சில் வந்த வாடை

சூடு ஆறாத கஞ்சியை இஷாம் மடமடவென்று குடித்ததுதான் ஸுஹைனாவை முதலில் உறுத்தியது. கோப்பையைப் பிடித்திருந்த அவளுடைய விரலே சுட்டது.

"சுடல்லையா மனே?"

"இந்தப் பக்கம் ஒண்டும் தெரியல்ல உம்மா." ஆறு வயது மகன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

இரத்தப் புற்றுநோய்க்கு மூன்றாம் முறை மருந்தேற்றி, ஏறாவூர் வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. பிள்ளையின் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, பூஞ்சணத் தூசிகூட மூச்சோடு போய் உள்ளே முளைக்கும், காய்ச்சல் கண்டால் உடனே கொண்டு வாங்க என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுப் பயந்துதான், வந்த அன்றே கட்டிலுக்குப் பின்சுவரில் படர்ந்திருந்த பச்சைப் பூஞ்சணத்தை அவள் தும்புத்தடியால் தேய்த்து உதிர்த்தாள். கட்டிலில் கிடந்த பிள்ளை தும்மிக்கொண்டே இருந்தான். முந்தாநாள் காய்ச்சல் கண்டது. ரோட்டில் வெள்ளம். பனடோல் கொடுத்தாள்.

"தண்ணி வத்தட்டும், போறன்" என்று கட்டாரிலிருந்த கணவன் றிஸ்லானுக்கு போனில் சொன்னாள்.

பகல் சாய்ந்ததும் அந்த வாடை வந்தது. மழை விட்ட வாவிக்கரைச் சேற்றின் வாடை என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய பிறகு அது இன்னும் கூடியது, அழுகலும் லேசான இனிப்புமாகத் தொண்டையில் ஒட்டியது. எலி செத்திருக்கும் என்று அலுமாரியை இழுத்துப் பார்த்தாள், அரிசி வாளியைத் திறந்தாள், கடைசியில் மண்டியிட்டு மெத்தையைத் தூக்கினாள். எதுவும் இல்லை.

வாடை விட்டு விட்டு வந்தது. வந்தது. நின்றது. வந்தது.

அவள் முகத்துக்கு நேரே இஷாமின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆ காட்டுங்க மனே."

போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தாள். மேலண்ணத்தின் இடது பாதி கறுப்பு. தார் கறுப்பு. விரலால் தொட்டாள். பிள்ளை அசையவில்லை.

ஆஸ்பத்திரி வார்டுக்கு போன் எடுத்தாள். "தோணியிலயாவது இப்பவே கொண்டு வாங்க" என்றாள் தாதி. ஸுஹைனா பையை எடுக்கத் திரும்பினாள்.

"உம்மா, எனக்குப் பல்லு விழுந்திட்டு."

இஷாம் உள்ளங்கையை நீட்டினான். இரண்டு பால்பற்கள். தனித்தனியாக இல்லை. கறுத்த எலும்புத் துண்டொன்றில், வாயில் இருந்த மாதிரியே பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"நோகவே இல்ல" என்றான் சந்தோசமாக. "இன்னுமொண்டு ஆடுது."

விரலை மறுபடியும் வாய்க்குள் விட்டான்.