சூட்டில் விரியும் இரும்பு

நான்கு தலைமுறையாக அணையாத நெருப்பு இது. மீனைப் புகையில் வாட்டி விற்கும் அந்தக் கடையின் வாசல் பலகையில் தங்க எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. உண்மையில் நெருப்பு வாரத்துக்கு இரண்டு தடவை அணையும். பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் போட்டு மறுபடி மூட்டுவார்கள். பலகையை மாட்டிய மகனைக் கிண்டலடிப்பதைப் பெரியவர் சாகும்வரை விடவில்லை. "அணைஞ்சா சொல்லுடா, தீப்பெட்டி என் மடியிலதான் இருக்கு!"

பெரியவர் போய் இரண்டு மாதம்.

அன்று பிற்பகல், மீன் கோத்த கம்பிகளை மாட்டப் புகையறைக்குள் போன மகன், பின்சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். தலைமுறைக் கணக்கில் படிந்த கரியும் மீனெண்ணெயும் ஓர் ஆள் உயரத்துக்குச் சுரண்டப்பட்டு, தூள் தரையில் புதிதாகக் குவிந்திருந்தது. சுவர் சுரண்டுவது பெரியவர் வேலை. வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரும்புக் கதவுக்கு வெளியே தாழ் போடும் முன், "உள்ளே ஆள் உண்டா?" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். பதில் இல்லையென்றால்தான் தாழ். பிறகு வெளியடுப்பில் மரத்தூளைத் தள்ளினால், புகை தரைக்குழாய் வழியே உள்ளே ஏறும்.

இரண்டு மாதம் முன்பு, வெள்ளைச் சட்டையும் வாசனையுமாக, மொத்தமாக மீன் வாங்க ஹோட்டல்காரர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் முன்னால் மாடு விரட்டுகிறவன் மாதிரி கத்துவதா? கத்தாமல் தாழ் போட்டான். சற்று நேரத்தில் கதவில் சத்தம்.

"என்ன சார் அது?"

"சூட்டுல இரும்பு விரியுது சார். பழைய கட்டடம் பாருங்க, பாரம்பரியம்."

அவனும் அப்படித்தான் நம்பினான், மூன்றாவது தட்டு வரைக்கும். அதற்குப் பிறகு திறந்தால் அசிங்கம். ஹோட்டல்காரர்களை டீ குடிக்க அழைத்துப் போனான்.

மாலையில் திறந்தபோது, சுவர் சுரண்டும் கரண்டியோடு பெரியவர் கதவடியில் கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். மனைவி மட்டும் கேட்டாள். "கத்திட்டுத்தானே பூட்டினீங்க? எனக்கு என்னமோ தட்டுற மாதிரி கேட்டுச்சு."

"கத்தாம இருப்பேனா? அது இரும்பு விரியுற சத்தம். எப்பவும் வர்றதுதான்."

அவள் நம்பினாள். அதுதான் அவனுக்குச் சோறு இறங்காமல் செய்தது.

இப்போது வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். ஹோட்டல்காரர்கள் மறுபடி வந்துவிட்டார்கள். "வாங்க, வாங்க" என்று மனைவியின் குரல் நெருங்கியது. அவன் திரும்பினான். தொங்கும் மீன் வரிசைகளுக்குப் பின்னால், ஈர மரத்தூளும் உப்பும் மணக்கும் இருட்டில், கரண்டி ஒன்று சுவரை நிதானமாகச் சுரண்டத் தொடங்கியது, அவசரமே இல்லாத ஓர் ஆளின் கையால்.



"ஏங்க! உள்ளே ஆள் உண்டா?" அவளுக்கு யார் முன்னாலும் கூச்சம் கிடையாது.

அவன் வாயைத் திறப்பதற்குள் பதில் போய்விட்டது. பின்சுவர்ப் புகைபோக்கி ஓட்டை வழியே. அவனுடைய குரலிலேயே.

"நான் பின்னாடி விறகுகிட்ட இருக்கேன். நீ பூட்டு."

தொடர்ந்து ஒரு சின்ன இருமல். அது அவனுடையது இல்லை.

கதவு மூடியது. தாழ் விழுந்தது.

அவன் ஓடிப்போய்த் தட்டினான். மெதுவாகத்தான். முதலாளியே மாட்டிக்கொண்டான் என்று ஹோட்டல்காரர்கள் சிரிப்பார்களே. கத்தலாம் என்று தோன்றியபோது புகை தொண்டைக்கு வந்துவிட்டது.

ஓங்கித் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது தட்டு அவன் தட்டியதல்ல. அவன் தோளுக்கு மேலாக நீண்டிருந்தது ஒரு கை. நகமெல்லாம் கரி.

"என்னம்மா சத்தம்?" என்றார் வெளியே ஒருவர்.

"சூட்டுல இரும்பு விரியுதுங்க. எப்பவும் வர்றதுதான்."

அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான்.